நீக்கியது யார் என்பதே முதல் கேள்வி

கேள்வி: ஈழப் போரின் கடைசி மாதங்கள் பற்றிய காட்சிகளையும், தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களையும் ஆறு ஆண்டுகளாகத் திரட்டி வெளியிட்டேன். தீவிரவாத உள்ளடக்கம் என்று கூறிக் காணொளித் தளம் என் சேனலையே நீக்கிவிட்டது. வரலாற்றை அழிக்கும் இந்த அநீதிக்காக ரிட் மனு போட்டு இழப்பீடு கேட்கலாமா? இப்போதைக்குப் புதிய சேனலில் எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றிவிட்டேன். – திருச்சி வாசகர்

பதில்: உங்கள் உழைப்பு பெரிது, ஆனால் அது வழக்குக்கு அடிப்படை ஆகாது. நீக்கியது அரசா, நிறுவனமா என்பது ஒன்றே இங்கு சட்டக் கேள்வி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவில் மத்திய அரசு முடக்கியிருந்தால், காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பை (2015) வைத்து, அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். நீங்கள் இணைத்த மின்னஞ்சலில் அரசின் உத்தரவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. தளத்தின் சொந்த விதிதான் காட்டப்பட்டுள்ளது. தளம் அமெரிக்க நிறுவனத்துடையது. விடுதலைப் புலிகள் அந்நாட்டின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் 1997 முதல் இருக்கிறார்கள். கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலை நேரலையில் ஓடிய 2019-இல், இந்தியா உட்படப் பல அரசுகளும் பெரிய இணைய நிறுவனங்களும் இத்தகைய உள்ளடக்கத்தை அகற்றக் கூட்டாக உறுதியளித்த பிறகு, ஆவணத்தையும் பிரசாரத்தையும் பிரித்துப் பார்க்கும் பொறுமையை இந்நிறுவனங்களிடம் நான் அதிகம் காணவில்லை. தனியார் நிறுவனத்தின் மீது ரிட் நிற்பது அரிது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் மறுத்தால், 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் போங்கள், அவ்வளவுதான் வழி.

எனக்குக் கவலை தருவது உங்கள் புதிய சேனல். முகப்பைத் திறந்து பார்த்தேன்: புலிக்கொடி, 'தடையை உடைத்து மீண்டும் எழுவோம்' என்ற வரி, அதன் கீழே நன்கொடைக்கு ஒரு கியூஆர் கோடு. அந்த இயக்கத்துக்கு இந்தியாவில் 1992 முதல் தடை. 2024 மே மாதம் மேலும் ஐந்தாண்டு நீட்டித்தார்கள். உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவில் ஆதரவு குற்றமாக வேண்டுமானால், இயக்கத்தின் செயல்களை வளர்க்கும் நோக்கம் இருக்க வேண்டும் என்று 2021-இல் தாஹா ஃபசல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசுத் தரப்பு பாடுபட்டு நிரூபிக்க வேண்டிய அந்த நோக்கத்தை நீங்களே ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கியூஆர் கோடு இன்னும் மோசம்: இயக்கத்துக்கு நிதி திரட்டுவதாக வாதிட்டால் 40-ஆவது பிரிவு, 14 ஆண்டு வரை சிறை. என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் மாட்டியது படத்துக்காக அல்ல, படத்தின் கீழ் ஆவேசத்தில் தட்டிய வரிக்காக. இச்சட்டத்தில் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நீதிபதி கருதினாலே ஜாமீன் கிடையாது. குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம் கேட்கலாம். கடைசியில் விடுதலையானாலும் அந்த மாதங்கள் திரும்பி வராது.

ஆகவே வழக்கை விடுங்கள்; தளத்தோடு சமரசமாகப் போங்கள். புதிய சேனலை இன்றே பொதுப் பார்வையிலிருந்து எடுங்கள். அழிக்க வேண்டாம், பிறகு ஆதாரத்தை அழித்ததாகச் சொல்வார்கள். மூலக் கோப்புகளை வன்தட்டில் பத்திரப்படுத்துங்கள். கொடியும் பாடலும் இல்லாத, பொதுமக்கள் பேசும் வாக்குமூலங்களை மட்டும் தேதி, இடம், பின்னணிக் குறிப்புடன் மேல்முறையீட்டில் வையுங்கள். கியூஆர் கோட்டில் கனடாவிலிருந்து யாராவது பணம் அனுப்பியிருந்தால், அவரிடமும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அங்கும் 2006 முதல் அந்த இயக்கம் பட்டியலில் இருக்கிறது.