21 மணி நேர வாடகை, 5 மணி நேர ஓட்டம்: படகு வீடு எடுப்பவர்கள் கேட்டவை

டிசம்பர் விடுமுறைக்குக் கேரளக் காயலில் படகு வீடு (ஹவுஸ்போட்) எடுக்கலாமா என்று பெங்களூரு வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

நாங்கள் ஆறு பேர். ஆலப்புழையில் ஹவுஸ்போட், பகல் 12 முதல் மறுநாள் காலை 9 வரை என்கிறார் ஏஜென்ட். அத்தனை நேரமும் படகு ஓடுமா? (கே.ஆர்.புரம்)

ஓடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மணிக்கு ஏறிப் பெட்டிகளை வைத்துக் கிளம்பும்போது பன்னிரண்டரை. ஒன்றரை மணி வாக்கில் கரையோரம் கட்டிச் சாப்பாடு, அதில் ஒரு மணி நேரம் போய்விடும். பிறகு மாலை ஐந்தரை வரை ஓட்டம், நடுவில் டீயும் பழம்பொரியும். ஐந்தரைக்கு மேல் ஹவுஸ்போட் நகரக் கூடாது. அந்திக்கு மேல் மீனவர்கள் காயலில் வலை போடுவார்கள். புரொப்பல்லர் அதில் சிக்கினால் வலையும் போச்சு, படகும் நின்றது. காலை எட்டு மணிக்கு டிபன், அப்புறம் துறைக்குத் திரும்பும் ஓட்டம். எல்லாம் கூட்டினால் நான்கரை, ஐந்து மணி நேரம் தேறும். மீதி நேரம் நீங்கள் இருப்பது மிதக்கும் லாட்ஜில்.

அதனால் பேரம் பேசும்போது எத்தனை ரூம் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று: இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடும், எந்த வழியாகப் போகும், இரவு எங்கே கட்டுவீர்கள். பதிலை வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். டீசலை மிச்சம் பிடிக்க நாலரை மணிக்கே ஒரு தென்னந்தோப்பு ஓரம் கட்டிவிட்டு, ‘இதுதான் சார் நல்ல வியூ பாயிண்ட்’ என்று சொல்லும் படகுகள் உண்டு.

வழியைப் பொறுத்தவரை, ஆலப்புழைத் துறையை ஒட்டிய புன்னமடைக் காயலிலேயே சுற்றித் திரும்பிவிடும் படகு வேண்டாம். சீசனில் அங்கே படகுக்குப் பின்னால் படகு, பெங்களூரு சில்க் போர்டு சிக்னல் மாதிரி நிற்கும். கைநகரி பக்கமோ, ஆர் பிளாக், சித்திரை போன்ற காயல் நிலங்களின் ஓரமோ போகச் சொல்லுங்கள். காயலில் வரப்புக் கட்டி, தண்ணீரை இறைத்து மீட்ட வயல்கள் இவை. படகின் முகப்பில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு பக்கம் நீங்கள் மிதக்கும் தண்ணீர், கல் வரப்புக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உயரம் தாழ்வில் நெல். குட்டநாடு எனும் இந்தத் தாழ்நில நெல் வட்டாரத்தில் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

படங்களில் வரும் ஒடுங்கிய கால்வாய்கள், வாசலில் பாத்திரம் துலக்கும் வீடுகள், தலையில் இடிக்கும் நடைபாலங்கள் எல்லாம் ஹவுஸ்போட்டுக்கு எட்டாது. 60, 70 அடி நீளப் படகு அங்கே நுழையாது. அதற்குத் தனியாக ஷிகாரா (கூரை போட்ட சிறு படகு) அல்லது துடுப்பு வள்ளம் (சிறு தோணி) எடுக்க வேண்டும். காலை ஆறரை மணிக்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டு இரவு எடுக்க முடிந்தால் நடுநாள் முழுக்க ஓட்டத்துக்குக் கிடைக்கும். ஓர் இரவுதான், கையும் இறுக்கம் என்றால், பகல் 11 முதல் 5 வரை டே குரூஸ் எடுத்துவிட்டுக் கரையில் தங்குங்கள். ஓட்டம் ஏறக்குறைய அதேதான்.

‘ஏசி படகு’ என்று போட்டிருக்கிறது. போன தடவை பகலில் ஏசியே போடவில்லை. ஏமாற்று வேலையா? (மாரத்தஹள்ளி)

ஏமாற்று என்று சொல்ல முடியாது, அந்தத் தொழிலில் வழக்கம் அது. சாதாரண வாடகையில் ‘ஏசி’ என்றால் படுக்கையறையில் மட்டும், இரவு 9 முதல் காலை 6 வரை. பகலிலும் வேண்டுமென்றால் ‘முழுநேர ஏசி’ என்று கேட்டுக் கூடுதல் கொடுக்க வேண்டும். மின்சாரம் படகின் சொந்த டீசல் ஜெனரேட்டரில் வருவதுதான் காரணம்.

ஜெனரேட்டர் பெரும்பாலும் பின்பக்கம், சமையலறையை ஒட்டி இருக்கும். தூக்கம் முக்கியம் என்றால் முகப்புக்குப் பக்கத்து அறையைக் கேளுங்கள். பின்னறை வாய்த்தால் இரவு முழுக்க அதிர்வு, காற்று திரும்பினால் புகையும். பின்பக்க ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டியிருக்கும். மூன்று அறை ஏசியையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள். கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் அதிகம். மூன்றும் சேர்ந்தால் டிரிப் ஆகும். இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். 1,500 வாட் கெட்டிலும் அப்படித்தான். ஒரு டன் ஏசியைவிட அது அதிகம் இழுக்கும். வெந்நீரைச் சமையல்காரரிடம் கேளுங்கள், கேஸ் அடுப்பில் வைத்துத் தருவார்.

டிசம்பர் ராத்திரியில் தண்ணீர் மேல் ஏசி அவ்வளவு தேவைப்படாது என்பது எங்கள் கட்சி. கொசுவலை அடித்த ஜன்னல் இருக்கிறதா என்று பார்ப்பது உபயோகம்.

குழந்தைகளோடு போகிறோம். படகு பாதுகாப்பானதா என்று ஏறுமுன் எப்படித் தெரிந்துகொள்வது? (ராமமூர்த்தி நகர்)

முன்பணம் கட்டும்போதே படகின் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். படத்தில் ஒரு படகு, துறையில் வேறு படகு என்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் கோளாறு. அந்த எண் படகின் பக்கவாட்டில் பெயின்ட்டில் எழுதியிருக்க வேண்டும். பதிவுச் சான்று, சர்வே சான்று, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கேட்டால் காட்ட வேண்டும். பல படகுகளில் முன்கூடத்தில் சட்டம் போட்டே மாட்டியிருப்பார்கள். சர்வே சான்றில் காலாவதித் தேதியையும், எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் படியுங்கள். ஓட்டுபவர் ‘ஸ்ராங்கு’. அவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். ‘இருக்கிறது சார்’ என்றால் போதாது, கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு மாட்டி எல்லாக் கொக்கியையும் போட்டு, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய சைஸ். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து வழுகிக் கீழே போகும். சின்ன சைஸ் இல்லையென்றால் ஊரிலிருந்தே வாங்கிப் போவது உத்தமம்.

மாடி வைத்த படகில் எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே ஏறக் கூடாது, போட்டோவுக்காக ஒரே பக்கம் திரளவும் கூடாது. மேலே எடை ஏற ஏறப் படகு சாய்ந்தால் நிமிர்வது கடினமாகும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர் இறந்தது மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆளேற்றியதில். கேரள ஹவுஸ்போட்டின் அகலமான அடிப்பாகம் அவ்வளவு சுலபத்தில் கவிழாதுதான். அதற்காகச் சர்வே சான்றில் உள்ள எண்ணிக்கையைத் தாண்டி ‘இரண்டு பேர்தானே’ என்று ஏற்றச் சொல்லிக் கெஞ்சாதீர்கள்.

இரவில் படகு கட்டியிருக்கும்போதுதான் இன்னும் கவனம். கட்டும் இடம் பெரும்பாலும் குறுகலான வரப்பு, இரண்டு பக்கமும் தண்ணீர். டார்ச் இல்லாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

ரயிலில் எப்படி வருவது வசதி? எந்த மாதம்? (அல்சூர்)

பெங்களூரு மெஜஸ்டிக் ஸ்டேஷனில் இரவு ஏறும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஆலப்புழையைத் தொடாது, கோட்டயம் வழியாகப் போகும். கோட்டயத்தில் இறங்கினால், அதே காயலின் கிழக்குக் கரையில் உள்ள குமரகம் சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆகவே படகைக் குமரகத்தில் எடுங்கள். ஆலப்புழையில் பேசிவிட்டால் சாலையில் இன்னும் ஒன்றரை மணி நேரம். ரயில் தாமதமாகி ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஐந்தரைக்குப் படகு நின்றுவிடும். தாமதம் முழுக்க ஓட்டத்தில்தான் கழியும்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வாடகை இரட்டிப்பாவது சகஜம். ஜனவரி இரண்டாம் வாரத்துக்கு மேல் அதே படகு பாதிக்கு வரும், வானமும் தெளிவு. அந்த மாதங்களில் உப்பு நீர் வயலுக்குள் வராமல் தண்ணீர்முக்கம் தடுப்பணையை மூடியிருப்பார்கள். தண்ணீர் தேங்குவதால் ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல அடையும். புரொப்பல்லரில் சுற்றினால் ரிவர்ஸ் போட்டு உதறுவார்கள், அதற்கும் மசியவில்லை என்றால் ஆள் இறங்கி வெட்டுவார். அரை மணி நேரம் போகும். யார் குற்றமும் இல்லை.

ஜூன், ஜூலையில் வாடகை மலிவு, மழையும் அழகு. ஆனால் வெள்ளம் ஏறினால் படகின் கூரைக்கும் பாலத்துக்கும் நடுவே இடம் இருக்காது, மாவட்ட நிர்வாகம் படகுகளை நிறுத்தியும் விடும். முன்பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்காமல் மழைக்காலத்தில் பணம் கட்டாதீர்கள். நேரு கோப்பைப் படகுப் போட்டி நாளில் புன்னமடையில் சுற்றுலாப் படகு ஓட்டம் நடக்காது. வழக்கமாக அது ஆகஸ்ட் இரண்டாம் சனி. அண்மையில் தேதி மாறிக்கொண்டிருப்பதால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (மல்லேஸ்வரம்)

கிடைக்கும், இரண்டு நாள் முன்னால் சொன்னால். இல்லையென்றால் கரிமீன் பொரித்த அதே வாணலியில் அப்பளம் வரும். அசைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வழியில் ஆற்றுக்கொஞ்சு (பெரிய ஆற்று இறால்) விற்கும் கடையில் படகை நிறுத்துவார்கள். வாங்கியே தீர வேண்டியதில்லை. வாங்கினால் கண்ணெதிரே எடை போடச் சொல்லி, சமைக்கத் தனிக்கூலி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காஷ்மீர் தால் ஏரி ஹவுஸ்போட்டில் எவ்வளவு தூரம் போகலாம்? (ஆர்.டி.நகர்)

ஓர் அடிகூடப் போகாது. அவை கரையோரம் நிலையாகக் கட்டிய தங்கும் வீடுகள். ஏரியைச் சுற்ற ஷிகாராவைத் தனியாகப் பேச வேண்டும்.

மகன் பர்மிங்காமில் இருக்கிறான். கேரளாவில் நாமே ஓட்ட விடுவதில்லை, அங்கே கால்வாய்ப் படகை நாமே ஓட்டலாம் என்கிறான். ஐம்பத்தெட்டு வயதில் இது சாத்தியமா? மூன்று இரவு. (இந்திராநகர்)

சாத்தியம். இங்கிலாந்துக் கால்வாய்களில் வாடகை நேரோபோட் (ஒடுங்கிய கால்வாய்ப் படகு) ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். கிளம்புமுன் ஒரு மணி நேரம் போலச் சொல்லிக் கொடுப்பார்கள். அகலம் 6 அடி 10 அங்குலம், நீளம் 70 அடி வரை. வேக வரம்பு மணிக்கு 4 மைல், அதாவது நடக்கும் வேகம். நம் ஊர் வண்டிப் பழக்கம் இரண்டு இடத்தில் காலை வாரும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். சுக்கான் கட்டையை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ, முகப்பு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதுவும் மெதுவாகத்தான் கேட்கும்.

நேரக் கணக்குக்கு ஒரு வாய்பாடு: மைல்களையும் லாக்குகளையும் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) கூட்டி மூன்றால் வகுங்கள். 12 மைல், 12 லாக் என்றால் 24. எட்டு மணி நேரம். வாடகைப் படகை இருட்டிய பின் ஓட்ட விடமாட்டார்கள். முதல் தடவைக்கு லாக் குறைந்த வழியாகப் பாருங்கள். லாங்கோலன் கால்வாயின் மேற்குக் கோடி பொருத்தமானது. அங்கே 1805இல் கட்டிய பாண்ட்கசில்டே நீர்ப்பாலம் இருக்கிறது: 307 மீட்டர் நீள இரும்புத் தொட்டியில், பள்ளத்தாக்குக்கு 38 மீட்டர் மேலே படகு போகும். ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடியும். மறுபக்கம் தொட்டி விளிம்பைத் தவிர ஒன்றுமில்லை. தலைசுற்றல் உள்ளவர் உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம்.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு போட்ட தண்ணீர்த் தொட்டி. இறங்கும்போதுதான் ஆபத்து. மேல்கதவுக்கு உள்ளே, தண்ணீருக்கு அடியில் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டு அது எதுவரை என்று காட்டியிருப்பார்கள். படகின் பின்பாகம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் இறங்கும்போது பின்பாகம் படியில் உட்கார, முகப்பு மட்டும் கீழே போகும். ஓரிரு நிமிடத்தில் படகு முங்கிவிடும். அப்படி மாட்டினால் உடனே கீழ்மதகை மூடி, மேல்மதகைத் திறந்து மறுபடி நிரப்ப வேண்டும். இறங்கும்போது கயிற்றை இறுக்கிக் கட்டியும் வைக்காதீர்கள், படகு தொங்கும். மதகைத் திருப்பும் கைப்பிடியை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று தண்ணீரில் விழுவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

புரொப்பல்லரில் துணியோ கயிறோ சுற்றினால் பின்தளத்தில் உள்ள மூடியைத் திறந்து கையை விட்டு எடுக்கலாம். முதலில் இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மூடியை முழுக்க இறுக்குங்கள். தளர்வாக விட்டால் இன்ஜின் ஓடும்போது அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். குடிநீர்த் தொட்டியைத் தினம் ஒரு தடவை நிரப்புவது நல்லது. டீசல் வாடகையில் சேர்த்தியா, டாய்லெட் எந்த வகை என்பதைப் புக் செய்யும்போதே கேளுங்கள்.

சமையலுக்குக் கேஸ் அடுப்பு உண்டு, குக்கர் வைக்கலாம். மிக்ஸியைக் கொண்டுபோக வேண்டாம்: படகில் அடிப்படை மின்சாரம் 12 வோல்ட் பேட்டரி, இன்வெர்ட்டர் இருந்தாலும் 750 வாட் மிக்ஸியைத் தாங்குவது சந்தேகம். மாவையும் சட்னிப் பொடியையும் மகன் வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போங்கள்.