‘கம்’மா, ‘கோ’வா? வாசகர் ஐயங்களும் விடைகளும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் போக்குவரத்தைப் பற்றியவை. சாலைப் போக்குவரத்து அல்ல, ஆங்கிலச் சொற்களின் போக்குவரத்து.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மேலாளர் ஆங்கிலேயர். நாளைக் காலை அவருடைய அறைக்கு வருவதாகத் தெரிவிக்க, ‘ஐ வில் கோ டு யுவர் ஆபீஸ்’ என்று எழுதினேன். ‘கம்’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும் என்கிறாள் தோழி. எழுந்து போகப்போவது நான்தானே?

போவது நீங்கள்தான். ஆனால் சொல்லைத் தீர்மானிப்பது உங்கள் கால் அல்ல, கேட்பவர் இருக்கும் இடம். தோழி சொல்வதே சரி.

உங்கள் கேள்வியையே மறுபடி படித்துப் பாருங்கள். தமிழில் ‘அவருடைய அறைக்கு வருவதாக’ என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்துக்குப் போனதும் வரவு செலவாகிவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டால் ‘இதோ வருகிறேன்’ என்போம். ‘இதோ போகிறேன்’ என்றால், எங்கே கிளம்பிவிட்டாய் என்று கரண்டியோடு வெளியே வருவார். தொல்காப்பியம் இதை விதியாகவே சொல்லியிருக்கிறது: வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செலவும் (செல்வதும்) கொடையும் படர்க்கைக்கு உரியவை. ‘கம்’, ‘கோ’ இரண்டுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். என்னிடமோ உன்னிடமோ வந்து சேர்வது ‘கம்’. மூன்றாம் இடத்துக்குச் செல்வது ‘கோ’. நான் போகும் கல்யாணத்துக்கு உங்களையும் அழைத்தால் அங்கேயும் ‘கம்’. நாமும் ‘நீயும் வருகிறாயா?’ என்றுதானே கேட்கிறோம்?

‘பிரிங்’, ‘டேக்’ இரண்டும் இவற்றின் வாலைப் பிடித்தே நடக்கும். கோப்பைக் கொண்டுவருவதாக மேலாளரிடம் சொன்னால் ‘பிரிங்’. அதே கோப்பைப் பற்றிப் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னால் ‘டேக்’.

தமிழை நம்பக் கூடாத இடம் ஒன்று உண்டு. விடைபெறும்போது ‘போய் வருகிறேன்’ என்பதை அப்படியே ‘ஐ வில் கோ அண்ட் கம்’ ஆக்கினால், மேலாளர் அன்று மாலை வரை உங்களுக்காகக் காத்திருப்பார்.

லண்டனிலிருந்து வந்திருந்த அக்காள் மகனிடம், ‘ஐ வில் செண்ட் யூ டு தி ஏர்போர்ட்’ என்றேன். ‘என்ன சித்தி, தபாலிலா?’ என்று சிரிக்கிறான். இத்தனை வருடமாக இப்படித்தானே பேசுகிறோம்? – பட்டர்வொர்த் வாசகி

சிரிக்கட்டும், சின்னப் பிள்ளை. ஆனால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘செண்ட்’ என்றால் அனுப்புகிறவர் வீட்டில் இருப்பார், பொருளோ ஆளோ மட்டும் போகும். காரில் ஏற்றி நீங்களே ஓட்டிச் செல்வது ‘டேக்’ அல்லது ‘டிராப்’.

இந்தப் பழியைத் தமிழ் மீது போட முடியாது. ‘அனுப்பு’ வேறு, ‘கொண்டுபோய் விடு’ வேறு என்று நாம் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மலாயில் ‘ஹந்தார்’ என்ற ஒரே சொல் பார்சலுக்கும் போதும், பயணிக்கும் போதும். அதுதான் நம் நாட்டு ஆங்கிலத்துக்குள் ‘செண்ட்’ என்ற வேடத்தில் நுழைந்திருக்கிறது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எல்லாருக்கும் புரியும். என் வீட்டிலும் ‘செண்ட்’தான். கடல் கடந்தவர்களிடம் மட்டும் பார்த்துப் பேசினால் போதும்.

கூடவே ‘ஃபெட்ச்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்குள் இரண்டு பயணங்கள் இருக்கின்றன: போவதும், கூட்டிக்கொண்டு திரும்புவதும். பள்ளியிலிருந்து பிள்ளையை ‘ஃபெட்ச்’ செய்யலாம், பிழையே இல்லை. ஆனால் அலுவலக வாசலில் நின்றுகொண்டு நண்பரிடம் ‘ஃபெட்ச் மீ ஹோம்’ என்று கேட்பது, கொண்டுபோய் விடச் சொல்வதற்குப் பதிலாக, போய் அழைத்துவரச் சொல்வதாகும்.

‘கேன் ஐ ஃபாலோ யூ?’ என்று கேட்டதற்கு வெளிநாட்டுத் தோழி மிரண்டுவிட்டாள். – பிறை

மிரள மாட்டாரா? பின்தொடரவா என்றல்லவா கேட்டிருக்கிறீர்கள். இதுவும் மலாய் வழி வந்ததுதான்: பின்தொடர்வதற்கும் உடன் போவதற்கும் அங்கே ‘ஈக்கூட்’ என்ற ஒரே சொல். உடன் போவதற்கு ‘கோ வித்’ அல்லது ‘கம் வித்’. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கில் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது அதன் பின்னே நடக்கிறோமே, அது ‘ஃபாலோ’.

எஸ்பிஎம் தேர்வு எழுதும் பள்ளி மாணவன் நான். ‘மோஷன்’, ‘மூவ்மென்ட்’ இரண்டும் ஒன்றுதானே? இயற்பியல் ஆசிரியர் ஏன் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார்?

ஒன்றல்ல, தம்பி. ‘மோஷன்’ ஒரு நிலை: பொருள் நின்றுகொண்டிருக்கவில்லை என்பது. யார் அசைத்தார், எதற்காக அசைந்தது என்ற கேள்வி அதில் இல்லை. அதனால்தான் 1687இல் வெளிவந்த நியூட்டனின் மூன்று விதிகளும் ‘மோஷன்’ விதிகள். ‘மூவ்மென்ட்’ ஒரு செயல். பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஓர் உடலோ நோக்கமோ இருக்கும். கையின் அசைவு, படையின் நகர்வு, மக்களின் நடமாட்டம் எல்லாம் அதில் அடங்கும். 2020 மார்ச் 18 அன்று நம்மையெல்லாம் வீட்டுக்குள் உட்கார வைத்த ஆணையின் ஆங்கிலப் பெயரை நினைத்துப் பாருங்கள்: ‘மூவ்மென்ட் கன்ட்ரோல் ஆர்டர்’. தமிழ்ச் செய்திகளில் ‘நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை’ என்றார்கள்; நல்ல மொழிபெயர்ப்பு. அங்கே ‘மோஷன்’ என்று போட்டிருந்தால் மின்விசிறி சுற்றுவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

பலர் கூடி ஒரு கொள்கைக்காக எழுவதும் ‘மூவ்மென்ட்’தான். தமிழில் ‘இயக்கம்’ என்ற சொல் இயற்பியலுக்கும் அரசியலுக்கும் சேர்த்தே உழைப்பதால் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தில் முன்மொழியும் தீர்மானம் ‘மோஷன்’. மருத்துவர் ‘மோஷன் எப்படி?’ என்று கேட்டால் நியூட்டனை இழுக்காதீர்கள். அவர் விசாரிப்பது மலங்கழிப்பை.

பூமி ‘ரொட்டேட்’ ஆகிறதா, ‘ரிவால்வ்’ ஆகிறதா?

இரண்டும். தன் அச்சில் சுழல்வது ‘ரொட்டேட்’, சூரியனைச் சுற்றிவருவது ‘ரிவால்வ்’. தேர்வில் அப்படியே எழுதுங்கள். தேர்வுக்கு வெளியே ஆங்கிலம் இவ்வளவு ஒழுக்கமாக இருப்பதில்லை. கோலாலம்பூர் கோபுரத்தின் உச்சியில் உள்ள உணவகம் எதையும் சுற்றிவருவதில்லை. இருந்த இடத்திலேயே சுழல்கிறது. ஆனாலும் அதை ‘ரிவால்விங்’ உணவகம் என்றே சொல்கிறார்கள். ஹோட்டல் வாசலில் சுழலும் கதவுக்கும் அதே பெயர்தான்.

வண்டியைப் பின்னால் எடுப்பதை ‘கோஸ்தான்’ என்கிறார் அப்பா. இது மலாய்ச் சொல்லா, ஹொக்கியன் சீனச் சொல்லா? – ஆயர் ஈத்தாம்

ஆங்கிலம். கப்பல் பின்னோக்கி நகர்வதற்கு மாலுமிகள் சொல்லும் ‘கோ அஸ்டெர்ன்’ கரையேறிக் காருக்குள் உட்கார்ந்துகொண்டது. துறைமுக ஊரில் அப்பா கப்பல் மொழி பேசுகிறார், பேசட்டும். நீங்கள் ‘ரிவர்ஸ் பேக்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘ரிவர்ஸ்’ என்றாலே பின்னால்தான்.