கோட்டை மதில் ஏன் வளைந்தது?

கேள்வி: வேலூர்க் கோட்டை அகழிக்கு எதிரே நின்று செல்போனில் பனோரமா எடுத்தேன். நேரான மதில் நடுவில் புடைத்து, இரண்டு பக்கமும் சரிந்து தெரிகிறது. போனில் கோளாறா? பனோரமாவும் வைட் ஆங்கிளும் ஒன்றுதானா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: போனில் கோளாறு இல்லையம்மா. திருப்பத் திருப்ப அது கீற்றுக் கீற்றாக எடுத்து ஒட்டுகிறது. மதிலின் நடுப்பகுதி உங்களுக்குப் பக்கம், முனைகள் தூரம். பக்கத்தில் இருப்பது உயரமாக விழும், தூரத்தில் இருப்பது குட்டையாக விழும். அதனால்தான் மேல்விளிம்பு இறங்குகிறது. போனைச் சாய்க்காமல் பிடித்தால், கண் மட்டத்தில் ஓடும் கோடு மட்டும் வளையாது.

வைட் ஆங்கிள் வேறு. ஒரே க்ளிக்கில் அகலமாகப் பிடிக்கும். நேர்க்கோடு நேராகவே இருக்கும். ஓரத்தில் நிற்பவர் முகம்தான் இழுபடும்.

பிலிம் காலத்தில் ஹொரைசான் என்ற ரஷ்யக் கேமரா வைத்திருந்தேன். லென்ஸ் சுழன்று 120 டிகிரியைப் பிடிக்கும். நெகட்டிவ் 58 மி.மீ. நீளம். காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் குரூப் போட்டோ. பெஞ்சுகளை நேராகப் போட்டு எடுத்தேன். கழுவிப் பார்த்தால் நடுவில் ஆசிரியர்கள் பெரிதாக, ஓரத்துப் பிள்ளைகள் சுண்டுவிரல் அளவு. ஆசையாகத் தலைவாரி வந்த பிள்ளைகள், மனசு கேட்கவில்லை. மறுவருஷம் டிரைபாட் காலில் கயிறு கட்டி, மறுமுனையில் சுண்ணாம்புக் கட்டி பிடித்துத் தரையில் வில் போலக் கோடு போட்டேன். பெஞ்சுகள் அந்தக் கோட்டின் மேல். எல்லோரும் ஒரே தூரம். படத்தில் வரிசை நூல் பிடித்த மாதிரி வந்தது.

இன்னொன்று: கையை நீட்டிக்கொண்டு உடம்போடு சுற்றாதீர்கள். முன்னால் கம்பியோ கிளையோ இருந்தால் ஒட்டும் இடத்தில் முறிந்து தெரியும். லென்ஸ் இடம் மாறினால், பக்கத்தில் இருப்பது பின்னணிக்கு முன் நகர்ந்த மாதிரி தெரியும்; இடமாறு தோற்றம் என்பது இதுதான். போன் லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்க, நீங்கள் அதைச் சுற்றி நகருங்கள். தொழிலில் இந்த அச்சை நோடல் பாயிண்ட் என்போம். சரியாகச் சொன்னால், முன்னாலிருந்து லென்ஸுக்குள் பார்த்தால் தெரியும் துவாரத்தின் நடு.

பனோரமா என்ற சொல் கேமராவுக்கும் மூத்தது. கிரேக்கத்தில் 'முழுக்காட்சி' என்று பொருள். ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் வட்டச் சுவர் முழுக்க வரைந்து, பார்ப்பவரை நடுவில் நிறுத்தும் முறைக்கு 1787-இல் காப்புரிமை பெற்றார். உங்கள் படத்தையும் அப்படிப் பாருங்கள். 120 டிகிரி அளவுக்கு எடுத்திருந்தால், 2 அடி நீளத்துக்குப் பிரிண்ட் போட்டு, வில்லாக வளைத்து, சுமார் 1 அடி தூரத்தில் நடுவில் ஒரு கண்ணை வைத்துப் பாருங்கள். மதில் நேராகிவிடும்.