ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்த்தேன்… சேமிப்பு எங்கே போனது?

கேள்வி: வயது 34, தனி ஆள். டிசைன் வேலை, லேப்டாப்பும் இணையமும் இருந்தால் போதும். போன வருடம் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, உலகம் சுற்றியபடியே வேலை பார்க்கக் கிளம்பினேன். 12 மாதத்தில் 14 ஊர். முன்பெல்லாம் கைக்கு வரும் சம்பளத்தில் 30 சதவீதம் சேமிப்பேன். போன ஊர்களில் பெரும்பாலும் வாடகையும் சாப்பாடும் என் ஊரைவிட மலிவுதான், ஆடம்பரமாகவும் இருக்கவில்லை. ஆனாலும் வருடக் கடைசியில் 12 சதவீதம்தான் தேறியது. வருடத்தின் நடுவில் கம்பெனி என்னை ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்து ஒப்பந்தக்காரராக மாற்றியது. மாதத் தொகை 15 சதவீதம் கூடியது. எந்த நாட்டிலும் 183 நாள் தங்கவில்லை, ஆகவே வரித் தொல்லை கிடையாது என்கிறார்கள் நண்பர்கள். அனுபவம் அருமையாக இருந்தது. வங்கிக் கணக்கைப் பார்த்தால்தான் குற்ற உணர்ச்சி. இன்னொரு வருடம் போகலாமா, திரும்பிவிடவா? 12 மாத வங்கி அறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பதில்: போகலாம். ஆனால் இதே வேகத்தில் வேண்டாம், இதே ஒப்பந்தத்திலும் வேண்டாம். உங்கள் சேமிப்பைத் தின்றது ஊர்கள் இல்லை. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மாறிய நாட்கள்தான்.

அறிக்கையை அச்செடுத்து, இடம் மாறிய தேதிகளைச் சுற்றி முன்னும் பின்னும் மூன்று நாட்களுக்கு பென்சிலால் வட்டம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரே கதை. விமான டிக்கெட், கூடுதல் லக்கேஜ் கட்டணம், ராத்திரியில் போய் இறங்கியதால் டாக்ஸி, புது சிம் கார்டு, பழைய அறைக்கு வாடகை தீராமலே புது அறைக்கும் கொடுத்த இரண்டு நாள் வாடகை. அதற்குக் கீழே ஒரு மளிகைக்கடைச் செலவு. எண்ணெய், உப்பு, காபித்தூள், பாத்திரம் கழுவும் சோப்பு என்று ஒவ்வொரு ஊரிலும் புதிதாக வாங்கி, பாதிகூடத் தீராமல் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய தொகை இல்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால், ஒரு முறை இடம் மாற உங்கள் ஒரு மாத வருமானத்தில் சுமார் 12 சதவீதம் போயிருக்கிறது. 14 முறை என்றால் ஒன்றே முக்கால் மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. வருட வருமானத்தில் 14 சதவீதம்.

வாடகையிலும் சாப்பாட்டிலும் நீங்கள் மிச்சம் பிடித்தது உண்மைதான், அது வருமானத்தில் 6 சதவீதம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்குத்தான்.

உங்கள் சேமிப்பு 30-லிருந்து 12-க்கு, அதாவது 18 சதவீதம் இறங்கியது. இடம் மாறிய 14-ல் மிச்சம் பிடித்த 6 போக, அதில் 8-க்குக் கணக்கு வந்துவிட்டது. மீதி 10 சதவீதத்தில், உங்கள் வீடு ஆள் கிடைக்காமல் பூட்டிக் கிடந்த மாதங்களுக்கு 4 போயிருக்கிறது. காப்பீடும் விசா கட்டணங்களுமாக 4. பணம் மாற்றியதில் மட்டும் 2. இந்தக் கடைசி இரண்டு சதவீதம் முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடியது என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வெளிநாட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது கடைசித் திரையில் ஒரு கேள்வி வரும்: தொகையை உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்தில் கழிக்கவா? நம் நாட்டுப் பணத்தில் எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடுகிறதே என்று பலரும் முதலாவதை அழுத்திவிடுகிறார்கள். அப்படி அழுத்தினால் மாற்று விகிதத்தை ஏடிஎம்காரரே நிர்ணயிப்பார், அதில் அவருடைய லாபமும் சேர்ந்திருக்கும். உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனத்தின் விகிதம் பொருந்தும். பெரும்பாலும் அதுதான் மலிவு. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றையும், அது தொலைந்தால் கைகொடுக்க வேறொரு வங்கியின் கார்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள்.

இனி அந்த 15 சதவீத உயர்வுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் உறுத்தியது அதுதான். அதை நீங்கள் உயர்வு என்கிறீர்கள். பழைய சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 115. முன்பு வருடத்துக்கு 25 நாள் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது. வருடத்தில் சுமார் 260 வேலை நாட்கள். இப்போது அந்த 25 நாளும் விடுப்பு எடுத்தால் 115-ல் 11 போய்விடும். உங்கள் பழைய சம்பளச் சீட்டுப்படி கம்பெனி உங்கள் ஓய்வூதியக் கணக்கில் போட்டுவந்தது 10. மருத்துவக் காப்பீட்டுக்கு அவர்கள் கட்டியதை இன்று நீங்களே கட்டினால் சுமார் 4. மிஞ்சுவது 90. உங்களுக்குக் கிடைத்தது உயர்வு இல்லை, 10 சதவீத வெட்டு. அது மாதாமாதம் கண்ணில் படாது, ஏனென்றால் விடுப்பு எடுக்காமல் உழைத்தும், ஓய்வூதியக் கணக்கில் ஒன்றும் போடாமலும் நீங்கள் அதை மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடைசி ஆறு மாதம் அந்தக் கணக்கில் ஒரு வரவுகூட இல்லை. உங்கள் 12 சதவீதச் சேமிப்பில் இந்த இழப்பு சேரவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

கம்பெனி ஏன் அப்படி மாற்றியது? உங்கள் வேலையில் குறை இருந்திருக்க வாய்ப்பில்லை. ஓர் ஊழியர் வேறொரு நாட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால், அந்த நாட்டில் கம்பெனிக்கே ஒரு நிலையான தொழிலிடம் இருக்கிறது, ஆகவே கம்பெனியும் அங்கே வரி கட்ட வேண்டும் என்று அந்த நாட்டு வரித்துறை வாதிட இடமுண்டு. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, தொழிலாளர் சட்டம் என்று மற்ற பொறுப்புகளும் தொடரும். 14 ஊருக்கும் இதை ஆராய எந்த மனிதவளத் துறைக்கும் பொறுமை இருக்காது. ஒப்பந்தக்காரராக மாற்றினால் அந்தச் சுமை பெரும்பாலும் உங்கள் தலைக்கு வந்துவிடும். இது பேரத்தில் உங்களுக்குச் சாதகம்: ஒரு சுமையை அவர்களிடமிருந்து நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள், அதற்கு விலை கேட்கலாம். பழைய நிலைக்கு வரவே 115 போதாது, 126 வேண்டும். 130-ல் பேச்சைத் தொடங்குங்கள். 125-க்குக் கீழே வந்தால், சுற்றுவதை நிறுத்திவிட்டு ஊழியராகத் திரும்புவதே லாபம் என்பது என் கருத்து.

183 நாள் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை, அதனாலேயே ஆபத்து. ஒரு நாட்டில் 183 நாள் தங்கினால்தான் அங்கே வரி என்ற அந்தக் கணக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான சட்டம் இல்லை. தாய்லாந்து 180 நாளைக் கணக்கில் எடுக்கிறது. சைப்ரஸில் சில நிபந்தனைகளோடு 60 நாளிலேயே வரி விஷயத்தில் அந்த நாட்டில் வசிப்பவராகக் கருதப்படலாம். பிரிட்டனிலோ, முந்தைய வருடங்களில் அங்கே குடியிருந்தவருக்கு, வீடு, குடும்பம் போன்ற பிணைப்புகள் போதிய அளவு இருந்தால் 16 நாளே போதுமானதாகிவிடலாம். இன்னொன்று: வெளியே எங்கும் 183 நாள் இல்லை என்பதால் நீங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆகிவிடுவதில்லை. பெரும்பாலும் சொந்த நாடே உங்களைத் தன் வரிக்காரராகத் தொடர்ந்து வைத்திருக்கும். அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் எங்கே இருந்தாலும் அந்த நாட்டில் வரிக் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். இரண்டு நாடுகள் ஒரே சமயத்தில் உரிமை கொண்டாடினால், அவற்றுக்கு இடையே இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கும்பட்சத்தில், நிரந்தர வீடு எங்கே, வாழ்க்கையின் முக்கிய உறவுகள் எங்கே, வழக்கமாக வசிப்பது எங்கே, குடியுரிமை எது என்ற வரிசையில்தான் பொதுவாகப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பது இந்த இடத்தில் ஒரு கேள்வியாக வரும்.

ஆகவே இந்த வருடக் கணக்கைத் தாக்கல் செய்யும் முன், சர்வதேச வரி பார்க்கும் ஒரு வரி ஆலோசகருக்குக் கட்டணம் கொடுத்து ஒரு மணி நேரம் பேசுங்கள். போகும்போது நாள்வாரிப் பட்டியல் கையில் இருக்கட்டும்: எந்தத் தேதி எந்த நாடு, எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் வெறும் சுற்றுலா. பாஸ்போர்ட் முத்திரையை நம்பி இருக்காதீர்கள். ஐரோப்பாவில் 29 நாடுகள் கொண்ட, ஒரே எல்லைபோல் இயங்கும் ஷெங்கன் பகுதியில் 2025 அக்டோபரில் மின்னணு நுழைவு-வெளியேற்றப் பதிவு தொடங்கி, முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் வந்துவிட்டன. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை இனி கணினியே எண்ணும். இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி.

விசாவையும் இந்த முறை பணக் கண்ணோடு பாருங்கள். சுற்றுலா விசாவில் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் 2024 ஜனவரியிலிருந்தும் நியூசிலாந்து 2025 ஜனவரியிலிருந்தும், வெளிநாட்டு வேலையைப் பார்வையாளர் தொடர்ந்து செய்ய நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. பல நாடுகளில் இது தெளிவாக இல்லை, சிலவற்றில் தெளிவாகவே தடை. தொலைதூர வேலைக்கென்றே எஸ்டோனியா 2020-ல் விசா கொண்டுவந்த பிறகு வரிசையாகப் பல நாடுகள் வந்துவிட்டன. போர்ச்சுகல் தன் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் கேட்கிறது, ஸ்பெயின் இரண்டு மடங்கு. இரண்டிலும் அரை வருடத்துக்கு மேல் இருந்தால் வரிக்காரராகிவிடுவீர்கள். குரோஷியா இந்த விசாக்காரர்களின் வெளிநாட்டு வேலை வருமானத்துக்கு வரி போடுவதில்லை. ஜப்பான் 1 கோடி யென் ஆண்டு வருமானம் கேட்டு, ஆறு மாதம்தான் தருகிறது, நீட்டிப்பு கிடையாது. தொலைதூர வேலைக்காரர்களும் எடுக்கக்கூடிய தாய்லாந்தின் 2024-ம் வருட டிடிவி விசா ஐந்து வருடம் செல்லும். ஒரு முறை நுழைந்தால் 180 நாள். வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்ட வேண்டும்.

அந்த மாதிரி இருப்பைக் காட்டச் சொல்லும் நாடுகள் எனக்குப் பிடிக்கும். உங்களுக்கும் அதே தொகை எப்படியும் தேவை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி போதும் என்பேன். உங்களுக்கு ஒன்பது மாதம். ஒப்பந்தம் ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடலாம். அன்று உங்கள் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள். இப்போது உங்களிடம் இருப்பது நாலரை மாதத்துக்குத்தான். மீதியை முதலில் நிரப்புங்கள்.

காப்பீட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் பாலிசியில் ஒரு பயணம் எத்தனை நாள் வரை செல்லும் என்று பாருங்கள். வருட பாலிசி என்ற பெயர் இருந்தாலும் ஒவ்வொரு பயணத்துக்கும் உச்சவரம்பு வைத்திருப்பது சகஜம். அறிக்கையில் நான்கு ஊர்களில் ஸ்கூட்டர் வாடகை தெரிகிறது. அந்த நாட்டில் செல்லுபடியாகும் இருசக்கர உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்தானால் க்ளெய்ம் கிடைக்காமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. உரிமம் எடுங்கள், இல்லையென்றால் பின்சீட்டில் உட்காருங்கள்.

இனி இரண்டாவது வருடக் கணக்கு. 14 ஊருக்குப் பதில் நான்கு ஊர், ஒவ்வொன்றிலும் மூன்று மாதம். இடம் மாறும் செலவு 14 சதவீதத்திலிருந்து 4-க்கு இறங்கும். அறை வாடகையும் குறையும்: ஒரு வாரம் தங்கினாலும் ஒரு மாதம் தங்கினாலும் சுத்தம் செய்யும் கட்டணம் ஒரு முறைதான், 28 நாளைத் தாண்டினால் பல உரிமையாளர்கள் மாதத் தள்ளுபடியும் தருகிறார்கள். ஏடிஎம் சமாச்சாரத்தைத் திருத்தினால் இன்னும் 2 சதவீதம் மிச்சம். இதில் மட்டும் சேமிப்பு 24 சதவீதத்துக்கு வந்துவிடும், வீடு காலியாகக் கிடக்காவிட்டால் 28. ஒப்பந்தத் தொகை உயர்ந்தால், உயர்ந்ததில் 10-ஐ மாதம் பிறந்ததும் ஓய்வூதியக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

குற்ற உணர்ச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் வாங்கிப் போகவில்லை, முதலீட்டை உடைக்கவில்லை, 12 சதவீதம் சேர்த்தும் இருக்கிறீர்கள். போன வருடத்தை எதிர்காலத்துக்கான முதலீடு என்றெல்லாம் நியாயப்படுத்த வேண்டாம். ஆசைப்பட்டு வாங்கிய ஒன்று, விலை கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான்.

வாடகைக்காரரின் ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது என்பதை அறிக்கையோடு வந்த குறிப்பில் பார்த்தேன். கம்பெனியோடு பேசுவதை இந்த மாதமே வைத்துக்கொள்ளுங்கள். புதிய தொகை எழுத்தில் வந்தால் வாடகை ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் புதுப்பியுங்கள். வராவிட்டால், அவருக்குக் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பை உடனே கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.