வாசகர் கேள்வி – பதில்: மஞ்சள் கரு உடையாமல் இருக்க…

கேள்வி: கேக்குக்காக முட்டையைப் பிரிக்கும்போது நான்கில் ஒன்றாவது உடைந்து வெள்ளையோடு கலந்துவிடுகிறது. பிளாஸ்டிக் பாட்டிலால் மஞ்சள் கருவை உறிஞ்சி எடுக்கும் முறையையும் செய்து பார்த்தேன். அதிலும் உடைகிறது. என்ன தவறு? – வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கையில் தவறில்லை. முட்டையின் வயதும் சூடும்தான் காரணம். மஞ்சள் கருவைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. நாள் ஆக ஆக வெள்ளைக் கருவில் உள்ள நீர் அந்தச் சவ்வு வழியாக உள்ளே இறங்கும். கரு பெருத்து, சவ்வு இழுபட்டுத் தளர்ந்துவிடும். புது முட்டையைத் தட்டில் உடைத்தால் மஞ்சள் கரு உருண்டையாக எழுந்து நிற்கும், பழையது தோசை மாவு போலப் பரவும். கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருந்த முட்டைக்கு இந்த வயது வேகமாக ஏறிவிடுகிறது.

அதனால் பிரிக்கப் போகும் முட்டையை 2 மணி நேரமாவது பிரிட்ஜில் வைத்திருங்கள். வெளியே எடுத்தவுடன் பிரியுங்கள். குளிரில் சவ்வும் கருவும் இறுகியிருக்கும். கிண்ணத்தின் விளிம்பில் தட்ட வேண்டாம். விளிம்பு, ஓட்டை உள்நோக்கிக் குத்தி, அந்தச் சில்லே கருவைக் கிழித்துவிடும். சமையல் மேடையின் சமதளத்தில், முட்டையின் நடுவயிற்றில் ஒரே தட்டு. பிறகு இரண்டு கட்டைவிரலாலும் விரியுங்கள்.

கிண்ணம் மூன்று தேவை. முதல் கிண்ணத்தின் மேல் கழுவிய கையை லேசாக விரித்து, முட்டையை உள்ளங்கையில் ஊற்றுங்கள். வெள்ளை விரலிடுக்கு வழியே நழுவி இறங்கும். கெட்டியான வெள்ளை மட்டும் கருவைப் பிடித்துத் தொங்கும், மறு கைக்கு ஒருமுறை மெதுவாக மாற்றினால் அதுவும் அறுந்து விழும். மஞ்சளை இரண்டாவது கிண்ணத்தில் போடுங்கள். முதல் கிண்ணத்து வெள்ளையில் மஞ்சள் கலக்கவில்லை என்று பார்த்த பிறகே மூன்றாவதில் சேருங்கள். ஐந்தாவது முட்டை உடைந்தாலும் முதல் நான்கும் தப்பும். வெள்ளையில் துளி மஞ்சள் சேர்ந்தாலும் அதன் கொழுப்பு நுரையை எழவிடாது என்பதால் இந்த ஒரு கிண்ணத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இரண்டு ஓட்டுக்குள் மாற்றி மாற்றி ஊற்றுவதும் நம் வீடுகளில் உண்டு. நான் அதைச் சொல்ல மாட்டேன். ஓட்டின் முனை கருவைக் கீறும், வெளிப்புறத்து அழுக்கும் கருவில் படும். பாட்டில் முறைக்கு இறுகிய புது முட்டைதான் சரி, தளர்ந்த கருவை உறிஞ்சும் வேகமே கிழித்துவிடும்.

கேள்வி: மஞ்சள் கருவோடு ஒட்டியிருக்கும் வெள்ளை நூல் குஞ்சின் ஆரம்பமா? எடுத்துவிட வேண்டுமா? – வாசகர், தென்காசி

பதில்: இல்லை. கருவை முட்டையின் நடுவில் நிறுத்திவைக்கும் முறுக்குக் கயிறு அது. வெள்ளையைச் சேர்ந்தது, கெடுதல் ஒன்றும் இல்லை. அது நன்றாகத் தெரிந்தால் முட்டை புதியது என்று மகிழலாம். கஸ்டர்டு போன்றவற்றில் பல்லில் படும் என்பதால் மட்டும் டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள். வழவழப்பு இன்னும் வேண்டுமானால், கருவின் சவ்வை இரு விரலால் கிள்ளித் தூக்கி, அடியில் கத்தி முனையால் ஒரு கீறல் போடுங்கள். மஞ்சள் ஒழுகிவிடும், வெறும் தோல் கையில் நிற்கும்.

கேள்வி: மகள் வயதுக்கு வந்திருக்கிறாள். தினமும் காலையில் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றி, அதே ஓட்டில் நல்லெண்ணெய் அளந்து கொடுக்கச் சொல்கிறார் மாமியார். பிள்ளை குமட்டுகிறாள். மஞ்சள் கருவை மட்டும் பிரித்துக் கொடுத்தால் பாதுகாப்பா? – வாசகி, விருதுநகர்

பதில்: பிரிப்பதால் கிருமி போகாது. சால்மொனெல்லா ஓட்டின் மேல் மட்டும் இருப்பதில்லை. கோழியின் உடம்பிலேயே அது இருந்தால், ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் சேர்ந்துவிடும். கொல்லையில் மேய்ந்த நாட்டுக்கோழிக்கும் இது பொருந்தும். எல்லா முட்டையிலும் இருக்கும் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தால் ஊட்டம் கொடுத்த நோக்கமே வீணாகிவிடும். பச்சையாகக் கொடுத்தால் சத்து அதிகம் என்பதும் சரியல்ல. பெல்ஜியத்தில் செய்து 1998இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், வெந்த முட்டையின் புரதம் சுமார் 90 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையின் புரதம் சுமார் 50 சதவீதம்தான்.

மாமியார் சொல்லும் முட்டை, நல்லெண்ணெய் இரண்டையும் விடாமல் ஒரு வழி இருக்கிறது. மஞ்சள் கரு தனியாக 65 டிகிரி செல்சியஸில் தடிக்கத் தொடங்கி 70க்குள் இறுகிவிடும். சர்க்கரையோ பாகோ தண்ணீரோ கலந்துவிட்டால், கிருமி சாகும் 71 டிகிரியைத் தாண்டியும் அது கெட்டியாகாமல் குழம்பாகவே நிற்கும்.

2 மஞ்சள் கரு, கரைத்து வடிகட்டிய கருப்பட்டிப் பாகு 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி, சிட்டிகை சுக்குத்தூள். எல்லாவற்றையும் எவர்சில்வர் கிண்ணத்தில் அடித்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. அடியையும் ஓரத்தையும் வழித்தபடி 5, 6 நிமிடம் விடாமல் கிளறுங்கள். முதலில் நுரைக்கும், பிறகு நுரை அடங்கிப் பளபளப்பாகத் தடிக்கும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். இறக்கி, 1 மேசைக்கரண்டி நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடியுங்கள். எண்ணெய் மேலே மிதக்காது, மஞ்சள் கருவே அதைப் பிணைத்துக்கொள்ளும். குமட்டவைப்பது பெரும்பாலும் அந்த வழவழத்த வெள்ளையும் தனித்து நிற்கும் எண்ணெயும்தான். இதில் இரண்டும் இல்லை. பிரித்தெடுத்த வெள்ளையை ஆம்லெட்டில் சேர்த்துவிடுங்கள், புரதத்தில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

பாகுக்குப் பதில் பால் விடுவதானால் பனங்கற்கண்டு போடுங்கள். சூடான பாலில் கருப்பட்டி சில நேரம் திரிந்துவிடும்.

தெர்மாமீட்டர் வாங்குவதாக இருந்தால் சமையலுக்கானது வாங்குங்கள். காய்ச்சல் பார்ப்பது 42, 43 டிகிரியோடு நின்றுவிடும்.

கேள்வி: மயோனைஸுக்குத் தடை என்கிறார்களே, வீட்டில் செய்யலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிப்பதற்கும் சேமிப்பதற்கும் விற்பதற்கும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. தெலங்கானா 2024 அக்டோபரிலேயே தடை கொண்டுவந்தது. வீட்டில் செய்வதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் கிருமிக்குக் கடையும் வீடும் ஒன்றுதான். ஆகவே கருவைச் சூடேற்றிவிட்டுச் செய்யுங்கள்.

2 மஞ்சள் கரு, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு சிட்டிகை. மேலே சொன்னது போலவே வெந்நீர் மேல் 71 டிகிரி வரை கிளறி, உடனே கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். ஐந்து நிமிடம் ஆறட்டும். அரை தேக்கரண்டி கடுகுத்தூள், அரை தேக்கரண்டி உப்பு சேர்த்து, 240 மில்லி சூரியகாந்தி எண்ணெயை விட்டு அடியுங்கள். முதல் 2 மேசைக்கரண்டி எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். எல்லாக் கோளாறும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. தடித்துவிட்ட பிறகு நூலாக ஊற்றலாம்.

திரிந்துபோனால் கொட்டாதீர்கள். வேறு கிண்ணத்தில் 1 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, திரிந்ததை அதில் ஒவ்வொரு கரண்டியாக விட்டு அடித்தால் மீண்டும் கூடிவிடும். சூடேற்றும்போதே பொரியல் போலத் திரிதிரியாக வந்துவிட்டால் மட்டும் மீட்க வழியில்லை. அடுப்புத் தீ அதிகம், அல்லது கிளறுவதை நிறுத்தியிருக்கிறீர்கள். பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம்.

கேள்வி: ஜப்பானில் சுடுசோற்றில் பச்சை முட்டை ஊற்றிச் சாப்பிடுகிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையா? – வாசகர், சென்னை

பதில்: அங்கே முட்டையைக் கழுவி, சோதித்து, பச்சையாக எதுவரை சாப்பிடலாம் என்று தேதி போட்டு விற்கிறார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வேகவைத்தே சாப்பிட வேண்டும். பிரிட்டனில் கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் சிங்க முத்திரைத் திட்டம் 1998இல் வந்தது. அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் முதியோரும்கூட அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பு 2017இல் அறிவித்தது. திறந்த அட்டையில் வெயிலில் பயணித்து வரும் முட்டைக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்க முடியாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் ஆஃப் பாயிலும் கலக்கியும் வேண்டாம் என்பேன்.

கேள்வி: வெள்ளைக் கருவைப் பயன்படுத்தியபின் மிஞ்சும் மஞ்சள் கருவை எப்படிப் பாதுகாப்பது? – வாசகி, புதுச்சேரி

பதில்: உடையாத கருவைச் சின்ன டப்பாவில் போட்டு, மூழ்கும் அளவு குளிர்ந்த தண்ணீர் விட்டு மூடி பிரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் மேல் தோல் காய்ந்து தடித்துவிடும். இரண்டு நாளுக்குள் தண்ணீரை வடித்து, நன்றாக வேகவைத்துப் பயன்படுத்துங்கள். சர்க்கரையை அதன் மேல் தூவி அப்படியே விட்டுவிடாதீர்கள், நீரை உறிஞ்சிக் கடினமான துகள்களாக்கிவிடும். போட்டவுடன் அடிக்க வேண்டும். ஃப்ரீசரில் வைப்பதானால் 4 கருவுக்கு ஒன்றரை தேக்கரண்டி சர்க்கரை அல்லது 1/8 தேக்கரண்டி உப்பு கலந்து வையுங்கள். சும்மா உறையவிட்டால் உருகிய பிறகும் பசை போலவே இருக்கும். டப்பாவின் மேல் எத்தனை கரு, உப்பா சர்க்கரையா என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.