தேர்தல் ரிசல்ட் தகராறை வச்சு எடுத்த படம் ஏதாவது போரடிக்காம இருக்கா?

இருக்குங்க, 'ரீகவுண்ட்'னு ஒரு படம், 2008ல எச்பிஓ டிவிக்காக எடுத்தது, டைரக்டர் ஜே ரோச். 2000ம் வருஷ அமெரிக்க அதிபர் தேர்தல்ல ஜெயிச்சது புஷ்ஷா அல் கோரான்னு புளோரிடாவுல 36 நாள் இழுத்தடிச்சாங்களே, அந்தக் கதைதான்.

யார் ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சே பார்த்தேன், அப்பவும் கடைசி வரைக்கும் எந்திரிக்கல. கோர் தோல்வியை ஒத்துக்கிட்டுப் பேச மழையில கார்ல போயிட்டு இருக்கார், இங்க ஓட்டு வித்தியாசம் குறைஞ்சுட்டே வருது, மேடை ஏறுறதுக்குள்ள அவரை நிறுத்தணும்னு அவர் ஆளுங்க போனும் கையுமா அலையுற சீன் ஒண்ணு போதும்.

ஆனா எனக்குப் படத்தோட ஹீரோவே ஒரு துண்டுப் பேப்பர்தான். அங்க பல கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) அப்ப ஓட்டுங்கிறது அட்டையில ஊசி மாதிரி ஒரு குச்சியால ஓட்டை போடுறது. குத்துனா குருணை அரிசி சைஸ்ல ஒரு துணுக்கு கீழ விழணும், அதுக்குப் பேர் சாட் (நம்ம வாட்ஸ்அப் சாட் இல்ல). அது விழாம ஒரு மூலையில தொங்கிட்டு இருந்தா ஓட்டா இல்லையா, சும்மா அமுங்கி மட்டும் இருந்தா ஓட்டா இல்லையா, இதுக்கு ஒரே ரூல் கிடையாது, ஒரு கவுண்டில செல்லும்னாங்க, இன்னொரு கவுண்டில செல்லாதுன்னாங்க, பெரிய பெரிய ஆளுங்க அட்டையை லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க.

பாம் பீச் கவுண்டில வேற கூத்து. பேர் ரெண்டு பக்கமும், ஓட்டை நடுவுல. இடது பக்கம் ரெண்டாவது பேர் கோர், ஆனா ரெண்டாவது ஓட்டை வலது பக்கம் இருக்கிற புகானன்கிற இன்னொரு வேட்பாளருக்கு! அந்த ஒரு கவுண்டில மட்டும் புகானனுக்கு 3,407 ஓட்டு. புளோரிடாவுல புஷ் ஜெயிச்சது 537ல.

குறைன்னா, கேமரா பாதி நேரத்துக்கு மேல கோர் கேம்ப்லயே இருக்கு. கோர் டீமுக்குத் தலைமை தாங்குன வாரன் கிறிஸ்டோபரை சண்டை போடத் தெரியாத நல்ல தாத்தாவா காட்டிட்டாங்க, மனுஷன் அதுக்கு வெளிப்படையாவே ஆட்சேபம் தெரிவிச்சார். புஷ் பக்கத்து ஜேம்ஸ் பேக்கரா டாம் வில்கின்சன் அசால்ட்டா பண்ணிருக்கார், அவர் வந்தாலே எதிர் டீம் மேல பாவமா இருக்கு. புளோரிடாவுல தேர்தலுக்குப் பொறுப்பா இருந்த மாநிலச் செயலாளர் கேத்ரின் ஹாரிஸா லாரா டெர்ன் கொஞ்சம் ஓவர், ஆனா கண்ணை எடுக்க முடியாது, கோல்டன் குளோபும் வாங்கிட்டாங்க.

இன்னொண்ணு, படம் பார்த்தா கோர்கிட்ட இருந்து பிடுங்கிட்டாங்கன்னுதான் தோணும். 2001ல பத்திரிகைகள் சேர்ந்து அந்த அட்டைகளை ஆராய்ஞ்சப்ப, கோர் மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்ட நாலு கவுண்டியை மட்டும் எண்ணியிருந்தா அப்பவும் புஷ்தான்னும், மாநிலம் முழுக்க செல்லாதுன்னு தள்ளுன எல்லாத்தையும் எண்ணியிருந்தா கோர் மயிரிழையில வந்திருப்பார்னும் தெரிஞ்சுது. அதாவது கோர் டீம் கேட்டதே தப்பா கேட்டிருக்கு.

ஆரம்பத்துல சட்டப் பேச்சு கொஞ்சம் வேகமா போகும், சப்டைட்டில் போட்டுக்கோங்க. டிசம்பர் 9 வரும்போது மட்டும் போனை நோண்டாதீங்க, புளோரிடா கோர்ட் எண்ணுங்கன்னு சொல்லி காலையில எண்ண ஆரம்பிச்சு, அன்னிக்கே வாஷிங்டன்ல இருந்து சுப்ரீம் கோர்ட் ஸ்டே வந்து, எண்ணினது எண்ணினபடி அப்படியே நிக்குது.