மாலரின் அடாஜியெட்டோ: காதலா, துக்கமா?

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் வரும் மெதுவான பகுதியான அடாஜியெட்டோவை, அப்பா இறந்த மாதத்தில் தினமும் இரவு கேட்டேன். இழவுக்கென்றே எழுதிய இசை என்றுதான் நினைத்திருந்தேன். அது காதல் கடிதம் என்று போன வாரம் நண்பர் ஒருவர் சொன்னதும் ஏமாந்ததுபோல் ஆகிவிட்டது. நான் கேட்டது தவறா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

எந்தப் பதிவைக் கேட்டீர்கள் என்று எழுதவில்லையே! பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

உங்கள் நண்பர் சொன்னது மெங்கல்பெர்க் வழியாக வந்த கதை. மாலருக்கு நெருக்கமான டச்சு இசைக்குழு நடத்துநர் அவர். மாலர் ஒரு சொல்கூட எழுதாமல் இந்தக் கையெழுத்துப் பிரதியை, பின்னால் தன் மனைவியான ஆல்மாவுக்கு அனுப்பினார், அவளும் புரிந்துகொண்டு 'வாருங்கள்' என்று பதில் போட்டாள் என்று மெங்கல்பெர்க் தன் இசைப் பிரதியில் குறித்துவைத்திருக்கிறார். 1926இல் அவர் பதிவு செய்தபோது ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் பதினொன்று, பன்னிரண்டு என்று இழுத்தார்கள். 1968இல் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில் அமெரிக்க நடத்துநர் பெர்ன்ஸ்டைன் இதை வாசிக்க வைத்தபின் இது இழவு இசையாகவே நிலைத்துவிட்டது. மாலரும் 'மிக மெதுவாக' என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் எவ்வளவு மெதுவாக?

தொடக்கத்தைக் கவனியுங்கள். தந்தி வாத்தியங்களும் ஒரு ஹார்ப்பும் மட்டும்தான். நம் கணக்கில் சொன்னால் முதலில் ஒலிப்பது காந்தாரமும் பஞ்சமமும்; ஆதார ஷட்ஜத்தைக் காணோம். மேஜரா மைனரா, அதாவது மலர்ச்சியா சோகமா என்றே தெரியாது. வயலின் ப, த, நி என்று தயங்கி ஏறுகிறது. கீழே ஷட்ஜம் வந்து சேர்ந்த பிறகும் அது நிஷாதத்தை விடாமல் நின்று, அப்புறம்தான் மேல் ஷட்ஜத்தைத் தொடுகிறது. எட்டிவிடும் தூரத்தில் இருப்பதை எட்டாமல் நிற்கும் அந்த நொடியில் நீங்கள் அப்பாவைக் கேட்டிருக்கிறீர்கள். அதில் என்ன தவறு?

இன்னொன்றும் உண்டு. 1901 கோடையில், ஆல்மாவைச் சந்திக்கும் முன்பே, ஜெர்மன் கவிஞர் ரூக்கெர்ட்டின் கவிதை ஒன்றுக்கு மாலர் இசையமைத்தார். உலகிலிருந்து விலகிப்போனவனின் பாட்டு அது. அடாஜியெட்டோ அதன் கூடப்பிறந்ததுபோலவே ஒலிக்கும். காதலியிடம் போவதற்குமுன் இந்த இசை தனிமையிலிருந்து வந்திருக்கிறது.

ஆனால் இந்தக் காதல் கதையில் எனக்கு ஒரு கசப்பு. சொல்லில்லாமல் காதலைச் சொன்னவர் என்கிறார்களே, அதே மாலர் 1901 டிசம்பரில் ஆல்மாவுக்குப் பக்கம் பக்கமாக ஒரு கடிதம் எழுதினார். நம் வீட்டில் இசையமைப்பாளர் ஒருவர்தான், நீ எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது சாரம். ஆல்மா பாடல்கள் இயற்றியவர். ஒப்புக்கொண்டார். 1902 மார்ச்சில் திருமணம். 1910இல் மனைவிக்கு இன்னொருவருடன் உறவு என்று தெரிந்த பிறகுதான் மாலர் ஆல்மாவின் பாடல்களை எடுத்துப் பார்த்து, இவை நன்றாக இருக்கின்றனவே என்று பதறினார். அந்த ஆண்டே ஐந்து பாடல்கள் அச்சேறின.

அந்த ஐந்தையும் கேளுங்கள். மெங்கல்பெர்க்கின் பழைய பதிவும் இணையத்தில் கிடைக்கும். கரகரப்பு நிறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.